கைக்குட்டையில் முடிந்த சாவி

பார்ம்பெக், ஹாம்பர்க்
1923 நவம்பர் 18

தம்பி டெட்லெஃபுக்கு,

உங்கள் கட்சி எங்களைத் தெருவில் இறக்கிவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். எழுதிவிட்டேன். இனிக் கேட்கிறேன்: நீ நலமா? ராட்டர்டாமிலிருந்து நீ போட்ட அட்டை வந்தது. அது வரும்வரை உன்னைப் பிணவறையில்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் துணியை விலக்கிக் காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ ஒருத்தியின் தம்பி.

அக்டோபரில் அந்தச் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் நீயும் கார்ஸ்டன் அத்தானும் போலீஸ் நிலையத்தில் துப்பாக்கி பிடுங்கக் கிளம்பியபோது நீ என்ன சொன்னாய்? "மத்தியானத்துக்குள்ள பெர்லின் எழும் பாருக்கா. நாடே எழும்." தெருத்தடுப்புக்கு மரம் அறுக்க நாங்கள் ரம்பம் கொடுத்தோம். தடுப்புக்குப் பின்னால் ரொட்டியும் பார்லிக் காப்பியும் சுமந்தோம். பெர்லின் எழவில்லை. இந்த ஊரிலேயே ஏரிக்கு அந்தப் பக்கம் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே இருந்தவர்கள் மனத்தை மாற்றிக்கொண்டார்களாம். அதை எங்களுக்குச் சொல்ல நேரமில்லையாம்.

அத்தானைப் பற்றி உனக்கு யாராவது சொன்னார்களா, தெரியவில்லை. புதன்கிழமை காலையில் கொல்லைச் சுவர்களைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டார். தோளில் குண்டு உரசியிருந்தது. கீழே தெருக்கதவு பூட்டியிருந்தது. போலீஸ் அதை உடைத்தால் சத்தம் கேட்கும். கேட்டதும் பரண் வழியாக அடுத்த கூரைக்குப் போய்விடலாம் என்பது எங்கள் ஏற்பாடு. ஜன்னலைத் திறந்தால் சுடுவோம் என்று கத்திக்கொண்டே போனார்கள். முற்றத்தைச் சுற்றி எல்லா ஜன்னலும் மூடிக் கிடந்தன. யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அன்று மத்தியானம் கீழே நம் வீட்டுச் சீழ்க்கை கேட்டது.

அப்பா துறைமுகத்திலிருந்து வந்து முற்றத்தில் நின்று ஊதுவாரே, மூன்று ஏறி ஒன்று இறங்கும், அதே. இந்த முற்றத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சீழ்க்கை. அடுத்த வீட்டுச் சீழ்க்கையை யாரும் தொடமாட்டார்கள். அடுத்த வீட்டுப் பானையில் கை விடுவது மாதிரி. அம்மா எப்படி யோசிக்காமல் ஜன்னலைத் திறந்து சாவியைக் கைக்குட்டையில் முடிந்து போடுவாளோ, நானும் அப்படியே போட்டேன். நீதான் அடிபட்டு வந்து நிற்கிறாய் என்று நினைத்தேன். வாசல் வளைவுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்தது. போலீஸ் சட்டைக் கை.

சத்தமில்லாமல் மேலே வந்தார்கள். கார்ஸ்டன் அப்போதுதான் ஒரு பூட்ஸை மாட்டியிருந்தார்.

நீ எப்போது கப்பலேறினாய்? அன்று முற்றத்துப் பக்கம் வந்தாயா? அதை மட்டும் எழுது. தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் இதைக் கப்பல் ஆள் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீயும் அப்படியே செய். ஹெர்ட்டா மாமாவைக் கேட்கிறாள். குளிர் தொடங்கிவிட்டது, கழுத்தை மூடிக்கொள்.

உன் அக்கா,
மெட்டா

⁂

ராட்டர்டாம்
1923 டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் ஹெர்ட்டாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அத்தான் செய்தி கேட்டு மனசு ஆறவில்லை. அவர் கெட்டியான ஆள். கப்பல் பட்டறையில் ரிவிட் அடித்த உடம்பு, தாங்கிவிடும்.

எனக்கு இங்கே துறைமுகத்தில் கரி இறக்கும் வேலை. தங்கியிருப்பது திருமதி ஸ்லாட் என்ற கிழவியின் மாடியில். ஒரே கட்டிலை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். பகலில் ஒரு போர்ச்சுகல்காரன் படுக்கிறான். நான் போகும்போது கட்டில் சூடாகவே இருக்கும், அந்த மட்டில் கரிச்செலவு மிச்சம். தினமும் மத்தி மீன். எனக்கே செதில் முளைத்துவிடும் போலிருக்கிறது.

வரும் வழியில் கப்பலில் ஒரு சின்ன விபத்து. கரி அள்ளும் மண்வெட்டிப் பிடி முகத்தில் பட்டு முன்பல் நான்கும் போய்விட்டன. ஒன்றும் பயப்படாதே. ரொட்டியை நனைத்துச் சாப்பிடுகிறேன்.

நான் செவ்வாய் இரவே துறைமுகத்துக்குப் போய்விட்டேன். அத்தானிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

உனக்குக் கொஞ்சம் காப்பிக்கொட்டை அனுப்பியிருக்கிறேன். நல்ல சரக்கு. ஹெர்ட்டாவுக்கு முத்தம்.

டெட்லெஃப்

⁂

பார்ம்பெக்
1923 டிசம்பர் 27

தம்பிக்கு,

ஹெர்ட்டாவுக்குச் சளி, எனக்கு ஒன்றுமில்லை. பல் போனதைக் கேட்டு அழுதேன். அம்மா உன் பல்லைப் பற்றித்தான் ஊரெல்லாம் பெருமை பேசுவாள்.

காப்பி வந்தது. காலை முதல் மாலை வரை கிடங்கில் உட்கார்ந்து அடுத்தவன் குடிக்கப்போகும் காப்பிக்கொட்டையில் சொத்தை பொறுக்குகிறவளுக்கு நீ காப்பி அனுப்புகிறாய்! சிரித்தேன். ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தது. நீ அனுப்பியதில் நிறையச் சொத்தை இருந்தது, பொறுக்கிவிட்டுத்தான் வறுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அத்தானைப் பார்க்க விட்டார்கள். நடுவில் கம்பிவலை. நான் தோளைப் பற்றிக் கேட்டேன். அவர் கேட்டது வேறு.

"சாவிய யாருக்குப் போட்ட?"

"டெட்லெஃப் விசில் கேட்டுச்சு. அவன்னு நெனச்சுப் போட்டேன்."

"அவன் செவ்வாய்க்கிழமை ராத்திரியே கப்பலுக்குப் போயிட்டான். என்கிட்ட சொல்லிட்டுப் போனான். பழிய உன் தம்பி தலையில கட்டுறியா?"

"நான் ஏங்க பொய் சொல்லணும்?"

"புருஷன் கூரை மேல செத்து விழறதவிட ஜெயில்ல உசுரோட இருந்தா போதும்னு நெனச்சிருப்ப. யாரோ பேசி உன் மனசைக் கலைச்சிருப்பான். நீ போட்டத எதிர்வீட்டு டீடமன் அம்மா ஜன்னல் இடுக்குல பார்த்திருக்காங்க. முற்றமே பேசுதாம். எனக்கு உள்ள வரைக்கும் வந்துருச்சு."

பிறகு காவலாளியிடம் திரும்பி, "இந்த அம்மாவ அடுத்த தடவை விடாதீங்க" என்றார். என்னைப் பெயர் சொல்லவில்லை. 'இந்த அம்மா' என்றார்.

டெட்லெஃப், சீழ்க்கை கேட்டது. நான் பைத்தியம் இல்லை. நீ செவ்வாயே போய்விட்டாய் என்றால் நான் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள். புதன்கிழமை இங்கே இருந்தாய் என்றால் நான் ஏமாந்தவள். நடுவில் எனக்கு வேறு இடம் கிடையாது. அத்தானுக்கு ஒரு வரி எழுது.

மெட்டா

⁂

ராட்டர்டாம்
1924 பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஹெர்ட்டாவின் சளி நின்றதா? வெங்காயத்தை நசுக்கித் தேனில் போட்டுக் கொடு. எனக்கும் இருமல்தான், கரித்தூசி. பதில் தாமதித்ததற்குக் கோபிக்காதே. கடிதம் கொண்டுவரும் ஆளின் கப்பல் பழுதுபார்க்க நின்றுவிட்டது.

நீ அந்தச் சீழ்க்கையையே நினைத்துக்கொண்டிருக்காதே. யாரும் கற்றுக்கொள்ளக்கூடியதுதான் அது. அப்பா எத்தனை வருஷம் முற்றத்தில் நின்று ஊதினார்! டீடமன் அம்மாவின் கிளிகூட அடிக்குமே. போலீஸில் நம் தெருப் பையன்கள் இல்லையா? அத்தானுக்குக் கோபம் தணிந்துவிடும். அவர் குணம் உனக்குத் தெரியாதா?

நீ இங்கே வந்துவிடேன். மீன் கிடங்கில் பெண்களுக்கு வேலை இருக்கிறது. யாருக்கும் நம்மைத் தெரியாது. ஹெர்ட்டாவுக்கு டச்சு பேச வந்துவிடும்.

டெட்லெஃப்

⁂

பார்ம்பெக்
1924 பிப்ரவரி 17

டெட்லெஃப்,

சளி போய்விட்டது. உன் வெங்காயம் அல்ல, வெயில் வந்தது.

டீடமன் அம்மா கிளியைப் போன குளிர்காலத்திலேயே கொடுத்துவிட்டு உருளைக்கிழங்கு வாங்கிவிட்டாள். ஆகையால் கிளி ஊதவில்லை.

அப்பா சீழ்க்கை அடிக்கும்போதும் வாயோரத்துப் பைப்பை எடுக்கமாட்டார். அதனால் கடைசி இறக்கத்தில் காற்று பிசிறும், துணி கிழிகிற மாதிரி. மற்றவர்கள் ஊதினால் அது சுத்தமாக இறங்கும். நான் ஊதினாலும் அப்படித்தான். நீ ஒருத்தன்தான் சின்ன வயதில் துணிக் கவ்வியை வாயோரத்தில் கடித்துக்கொண்டு அந்தக் கிழிசலோடு பழகினாய். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அன்று கேட்டதில் அந்தக் கிழிசல் இருந்தது.

இன்னொன்று. உன் கப்பல் பை என் அடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. கம்பளிச் சட்டை, எண்ணெய்த் துணிக் கோட்டு, சவரக்கத்தி எல்லாம் அப்படியே. அக்டோபர் கடைசியில் எந்த மாலுமியாவது பை இல்லாமல் கப்பலேறுவானா? நீ அதை எடுக்கத்தான் வந்தாய் என்று நினைக்கிறேன். வந்ததில் தப்பே இல்லை. உன் பை, உன் அக்கா வீடு.

முற்றத்தில் எனக்கு இப்போது 'சாவி மெட்டா' என்று பெயர். வாண்டுகள் கூழாங்கல்லைக் கந்தலில் முடிந்து என் கதவில் எறிகின்றன. "மெட்டாக்கா, சாவி!" கிடங்கில் என் பக்கத்து நாற்காலி காலி. யாரும் உட்காருவதில்லை. கைதிகளின் குடும்பத்துக்குக் கரி கொடுக்கும் உதவிக் குழுவில் வரிசையில் நின்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவள், போன வருஷம் என்னோடு ஒரே வாளியில் காப்பி சுமந்தவள், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "உங்களுக்கு இல்ல."

"ஏன்?"

"அதான் போலீஸ் குடுக்குமே."

புரட்சி செய்யத் தெரியாதவர்கள் பெண்பிள்ளையை வரிசையிலிருந்து தள்ளுவதில் மட்டும் தாமதம் செய்யவில்லை. ஒரு நாடு முழுவதும் எழாமல் படுத்துக் கிடந்தது. அதற்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை, என்னைக் கேட்கிறார்கள்.

நேற்று ஹெர்ட்டா பள்ளியிலிருந்து வந்து முற்றத்தில் நின்று நம் சீழ்க்கையை அடித்தாள். நான் படியிறங்கிப் போய் அவளைக் கன்னத்தில் அறைந்தேன். குழந்தைக்கு எதற்கென்றே தெரியவில்லை. இனி அவள் மாடி ஏறி வந்து கதவைத் தட்டுவாள்.

ராட்டர்டாமுக்கு வரமாட்டேன். ஓடினால் பழி உண்மையாகிவிடும். அத்தானுக்கு எழுது.

மெட்டா

⁂

பார்ம்பெக்
1924 ஏப்ரல் 13

டெட்லெஃப்,

நலமா? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு தடவை கப்பல் ஆளிடம் கேட்டேன். "குடுத்தேம்மா, அவர் கையிலயே குடுத்தேன்" என்கிறான்.

விசாரணை முடிந்தது. அத்தானுக்கு ஐந்து வருஷம். பின் வரிசையில் நின்று பார்த்தேன். இருமிக்கொண்டே இருந்தார். கைக்குட்டையை வாயில் வைத்து, எடுத்து, பார்த்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் என்ன பார்த்தார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

லோசே என்று கப்பல் தச்சன் ஒருவன். இதே கலவரத்தில் பிடிபட்டு இப்போது விடுதலையாகி வந்திருக்கிறான். போன வாரம் முற்றத்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்கு என்னைத் தெரியாது.

"புதன்கிழமை மத்தியானம் எங்களை அடைச்ச அறையில நீலக் குல்லாய் போட்ட பையன் ஒருத்தன் இருந்தான். நல்ல வாய்க்காரன், எங்களையெல்லாம் சிரிக்க வச்சிட்டிருந்தான். 'வா, உங்கக்கா வீட்டுக்குப் போலாம்'னு அவனை மட்டும் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்தப்ப வாய் பூரா ரத்தம். பல்லைத் துப்பிட்டிருந்தான். சாயங்காலம் பின்வாசல் வழியா விட்டுட்டாங்க."

"அவன் பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

"பேரு யாரும் சொல்லிக்கலம்மா."

உதவிக் குழுவில் வந்து இதைச் சொல்லும்படி கெஞ்சினேன். வந்தான், சொன்னான். பேர் தெரியாத பையன் கதை எங்களுக்கு எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உன் பல் எப்படிப் போனது, டெட்லெஃப்?

மெட்டா

⁂

ராட்டர்டாம்
1924 மே 12

அக்கா,

நலம்.

அத்தானுக்கு நல்ல மருத்துவர் பார்க்கிறாரா? பால் கொடுக்கச் சொல். அவருக்கென்று ஒரு கம்பளிக் கழுத்துத்துணி வாங்கி வைத்திருக்கிறேன். நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம்.

அக்கா, ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று போலீஸே தெருவெல்லாம் கத்திக்கொண்டு போனதே. முற்றத்தில் ஒருத்தரும் திறக்கவில்லை. நீ ஏன் திறந்தாய்? அப்பா செத்து எத்தனை வருஷம் ஆகிறது. ஒரு சீழ்க்கைக்காகவா திறப்பது? நீ திறக்கமாட்டாய் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். திறக்காமல் இருந்திருக்கலாமே.

ஹெர்ட்டாவை அறையாதே.

டெ.

⁂

பார்ம்பெக்
1924 மே 25

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஹெர்ட்டாவின் தலைமாட்டில் உட்கார்ந்து படித்தேன். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஏன் திறந்தேன் என்றா கேட்கிறாய்? நீ ஊதினாய், திறந்தேன். சுடுவார்கள் என்று தெரிந்துதான் திறந்தேன். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ஜன்னல் திறக்காத நாள் ஒன்றைச் சொல்லு பார்க்கலாம். அப்பா குடித்துவிட்டு வந்து ஊதினாலும் அம்மா திறந்தாள். சண்டை போட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோதும் திறந்தாள். நான் திறக்கமாட்டேன் என்று நினைத்து நீ ஊதியிருந்தால், அக்காவை நீ தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

ஒன்றை மறந்துபோயிருந்தேன். லோசே சொன்னபிறகு ஞாபகம் வந்தது. சாவி என் கையைவிட்டுப் போன நொடியில் வளைவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. "மெ" என்று. பாதியில் நின்றுபோனது. பின்னாலேயே மரக்கட்டையைச் சுவரில் அடித்தாற்போல ஒரு சத்தம். யாரோ கதவைச் சாத்துகிறார்கள் என்று நினைத்தேன். இப்போது அது கதவு என்று தோன்றவில்லை. போகும்போது உன் வாய் நன்றாக இருந்தது, வரும்போது ரத்தம் என்கிறான் லோசே. சொன்னபடி ஊதியவன் வாயை எதற்கு உடைக்க வேண்டும்? நீ "மெட்டா, போடாதே" என்று கத்த வாயெடுத்தாய். துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். அப்படித்தானே?

அப்படி என்றால் நீ குனிந்து நடக்க வேண்டியதில்லை. அடித்து ஊதவைத்தார்கள் என்றோ, பயந்து ஊதினாய் என்றோ எழுது. உனக்கு இருபத்திரண்டு வயது. பயப்படாமல் இருந்தவர்கள் எல்லாரும் அன்று வேறு ஊரில் இருந்தார்கள்.

அத்தானைச் சிறை ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். நுரையீரல். என்னைப் பார்க்க இன்னும் சம்மதிக்கவில்லை. காவலாளி ஒருவர் நல்லவர், நீ எழுதினால் அவர் கையிலேயே கொடுப்பதாகச் சொல்கிறார். நீண்ட கடிதம் வேண்டாம். 'புதன்கிழமை நான் முற்றத்தில் இருந்தேன்.' இவ்வளவு போதும். அவர் உயிரோடு இருக்கும்போதே எழுது.

உன் பையை வெயிலில் வைத்து எடுத்தேன். பூச்சி அரிக்காது.

உன் அக்கா,
மெட்டா

⁂

ராட்டர்டாம்
1924 ஜூலை 6

ஹாம்பர்க் மெட்டா அம்மாவுக்கு,

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். உங்கள் தம்பி என் மாடியில் இருந்தான். ஜெர்மன் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். உங்கள் மகள் நலமாக இருக்க வேண்டும்.

தம்பி போன வாரம் கப்பலேறிவிட்டான். தென் அமெரிக்கப் பக்கம், ஊர் பெயர் என் வாயில் நுழையவில்லை. வாடகைப் பாக்கி ஒன்றுமில்லை. உங்கள் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். முகவரி கொடுக்கவில்லை. கம்பளிக் கழுத்துத்துணி ஒன்றை மட்டும் உங்களுக்கு அனுப்பச் சொன்னான், இதோடு இருக்கிறது.

நல்ல பையன். மாடிப்படி கழுவத் தண்ணீர் தூக்கித் தருவான். எங்கள் தெருவில் எவனாவது சீழ்க்கை அடித்தால் மட்டும், சாப்பிடும் கையோடு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவான். கோடையிலும் சாத்துவான். "என்னடா இது, வெந்து சாகணுமா?" என்று திட்டினால் குனிந்து ரொட்டியை நனைத்துக்கொண்டிருப்பான். உங்கள் கடைசிக் கடிதம் வந்தபின், "அக்காவுக்கு எழுதேன்டா, காகிதத்துக்கா பஞ்சம்?" என்று கேட்டேன். "எழுதினேன்" என்றான். மேஜையில் ஒன்று எழுதி வைத்திருந்தான், அது வாஸ்தவம். காலையில் அடுப்பைக் கூட்டும்போது சாம்பலாகக் கிடந்தது.

திருமதி ஸ்லாட்

⁂

பார்ம்பெக்
1924 ஆகஸ்ட் 31

தம்பி டெட்லெஃபுக்கு,

எங்கே இருந்தாலும் நீ நலமாக இருக்க வேண்டும். துறைமுகத்தில் யார் யார் தென் அமெரிக்கா போகிறார்களோ, அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் இதன் ஒரு பிரதியைக் கொடுக்கிறேன். கை வலிக்க எழுதுகிறேன். ஏதாவது ஒன்று உன்னைக் கண்டுபிடிக்கும்.

அத்தான் இந்த மாதம் பதினொன்றாம் தேதி செத்துவிட்டார். கடைசிவரை என்னை உள்ளே விடச் சொல்லவில்லை. நல்ல காவலாளி கழுத்துத்துணியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாராம். யார் கொடுத்தது என்று அத்தான் கேட்டிருக்கிறார். நீ சொல்ல வேண்டாம் என்றதால் நானும் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். கட்சி அனுப்பியது என்று நினைத்துப் போட்டுக்கொண்டார்.

அடக்கத்துக்கு நிறையக் கூட்டம். கொடி, வாத்தியம், பேச்சு எல்லாம் இருந்தன. எழ மறந்தவர்கள் அத்தனை பேரும் அன்று சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பெட்டிக்குப் பின்னால் மனைவி நடக்கும் இடத்தில் டீடமன் அம்மா ஹெர்ட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் வாசலில் நிறுத்தப்பட்டேன். "கலாட்டா வேணாம் தங்கச்சி, நீ அப்புறமா வந்து பார்த்துக்க" என்றான் கையில் பட்டை கட்டிய ஒருத்தன். எல்லாரும் போனபிறகு போய்ப் பார்த்தேன். மண்தான் இருந்தது.

அன்று மாலை ஹெர்ட்டா கேட்டாள்: "அம்மா, அப்பாவ நீதான் புடிச்சுக் குடுத்தியா?"

"இல்லடி."

"அப்ப யாரு?"

நான் உன் பெயரைச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக அல்ல. எனக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது. படுத்துக் கண்ணை மூடினால் சில சமயம் அந்தச் சீழ்க்கை கேட்கிறது, கிழிசலோடு. சில சமயம் சீழ்க்கையே இல்லை. நான் சும்மா எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறேன், கீழே போலீஸ் நிற்கிறான், போடுகிறேன். முற்றம் முழுவதும் பத்து மாதம் ஒரே கதையைச் சொன்னால் சொல்லப்பட்டவளுக்கும் அது பாடமாகிவிடும் போலிருக்கிறது.

ஆகையால் இனி அத்தானுக்கு எழுத வேண்டாம். கட்சிக்கு வேண்டாம், டீடமனுக்கு வேண்டாம். எனக்கு எழுது. சாவி என் கையைவிட்டுப் போனபின் வளைவுக்குள்ளிருந்து வந்த அந்தப் பாதிச் சத்தம் உன் வாயிலிருந்து வந்ததா, இல்லையா?

உன் பல்லைத்தானே உடைத்தார்கள், டெட்லெஃப்? கை இருக்கிறதே. எழுது.

உன் அக்கா,
மெட்டா